ஓடும் வீட்டுக்கு மின்சாரம்: வீட்டு இன்வெர்ட்டரை வேனில் ஏற்றலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். 13 இருக்கை டீசல் வேன் ஒன்றைப் பழையதாக வாங்கி, கட்டில், சிறு சமையலறை எல்லாம் வைத்துத் தங்கும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். ராமேசுவரம், ஊட்டி, கன்னியாகுமரி என்று போகிற இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவது திட்டம். மனைவி இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஃபிரிட்ஜ் நிற்கவே கூடாது. வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் சும்மா கிடக்கின்றன. அவற்றையே வேனில் ஏற்றி, கூரையில் இரண்டு 540 வாட் பேனல் போட்டால் ஒரு டன் ஏசி கூட ஓடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? - வாசகர், திருச்சி

அன்புள்ள ஐயா,

வேண்டாம். அந்த இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் வீட்டுக்காகச் செய்யப்பட்டவை. வீடு அசையாது, வேன் குலுங்கும், சாயும், வெயிலில் அடுப்பாகக் காயும், ஒரு மணி நேரம் மரநிழலிலும் அடுத்த மணி நேரம் வெட்டவெளியிலும் நிற்கும். வேனில் வரும் கோளாறுகளில் பல இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததால் வருபவை. உங்கள் விஷயத்தில் வீட்டம்மாவின் இன்சுலினும் இதில் மாட்டியிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர் கூரையிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறார். நீங்கள் ராத்திரியிலிருந்து தொடங்குங்கள். 24 மணி நேரத்தில் எவ்வளவு செலவு, அதில் சூரியன் இல்லாத நேரத்தில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேட்டரி எவ்வளவு, பேனல் எவ்வளவு என்பது தெரியும்.

ஃபிரிட்ஜுக்கு 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரஸர் வகையையே வாங்குங்கள். 50 லிட்டர் அளவுள்ளது ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். குளிர்ந்த ஊரில் மணிக்கு 20 நிமிடம் ஓடினால் போதும். கத்திரி வெயிலில் மூடிய வேனுக்குள் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். 55 விழுக்காடு நேரம் என்று வைத்தால் நாளைக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் மின்விசிறி இரண்டு, தலா 15 வாட், 10 மணி நேரம்: 300. நான்கு எல்இடி விளக்கு ஐந்து மணி நேரம்: 100. போன்களும் லேப்டாப்பும்: 100. தண்ணீர் பம்ப்: 20. மிக்ஸி பத்து நிமிடம், இன்வெர்ட்டரின் சேதாரத்தோடு: 140. மொத்தம் 1260. வயரிலும் சார்ஜ் ஏறுவதிலும் போகும் பத்து விழுக்காட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய 1400 வாட்-மணி. மின்வாரியக் கணக்கில் 1.4 யூனிட்.

இதில் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை செலவாவது மட்டும் ஏறக்குறைய 800 வாட்-மணி. உங்கள் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் x 150 ஆம்பியர்-மணி (ஏஎச்), அதாவது 1800 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் கரையும் என்பதால் பயன்படுத்தத் தக்கது 900தான். ஒரு ராத்திரி தாண்டும். மறுநாள் மேகம் மூடினால் மத்தியானத்துக்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். போதாக்குறைக்கு அது அமிலத்தோடு 50 கிலோவுக்கு மேல் கனம், குலுங்கினால் மூடி வழியே அமிலம் தெறிக்கும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். நீங்கள் படுத்துறங்கும் அறைக்குள் அது இருக்கவே கூடாது. வீட்டில் மின்வெட்டுக்கு அது இருக்கட்டும்.

வேனுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 12.8 வோல்ட், 200 ஏஎச். இது 2560 வாட்-மணி. 80 விழுக்காடு இறக்கினாலும் கெடாது என்பதால் 2050 வாட்-மணி கைக்கு வரும். சூரியனே வராவிட்டாலும் எல்லாவற்றையும் ஓட்டி ஒன்றரை நாள். ஃபிரிட்ஜையும் ஒரு விளக்கையும் மட்டும் ஓட்டினால் மூன்று நாள். உங்களுக்கு அந்த மூன்று நாள்தான் முக்கியம். 100 ஏஎச் பேட்டரி கனம் பாதி, விலையும் பாதி. ஆனால் ஒரு ராத்திரிக்குப் பிறகு கையில் மிஞ்சுவது 200 வாட்-மணிதான் என்பதால் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

வாங்கும்போது ஒன்றை விடாமல் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும்? 200 ஏஎச் என்று பெரிதாக எழுதி, உள்ளே 100 ஆம்பியர் பிஎம்எஸ் வைத்து விற்கிறார்கள். மிக்ஸி கிளம்பும் அந்த அரை நொடியில் தன் சாதாரண அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பிஎம்எஸ் அதைத் தாங்காவிட்டால் பேட்டரியையே துண்டித்துவிடும். மிக்ஸியோடு ஃபிரிட்ஜும் சேர்ந்து நிற்கும். சட்னி அரைத்துவிட்டு அம்மன் தரிசனத்துக்குக் கிளம்பிப் போனால், ஃபிரிட்ஜ் நின்றது சாயங்காலம்தான் தெரியவரும். 150 ஆம்பியருக்குக் குறையாத பிஎம்எஸ் வேண்டும். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறுவதை அதுவே நிறுத்த வேண்டும். உறைபனி விழும் மார்கழி, தை மாதத்து ஊட்டிக்கு இது தேவைப்படும். குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும்.

ஆனால் நம் ஊரில் பேட்டரியின் நிஜமான எதிரி குளிர் அல்ல, சூடு. 45 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் ஆயுள் குறையும். எஞ்சின் பக்கமும் வெயில் நேராக விழும் பக்கவாட்டுத் தகட்டின் மேலும் சாய்த்து வைக்காதீர்கள். பின்சக்கரத்துக்கு அருகே, கட்டிலுக்கு அடியில், தரையோடு இரும்புப் பட்டை போட்டு போல்ட்டில் இறுக்கி, நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். அவசரமாகப் பிரேக் பிடிக்கையில் 25 கிலோ பெட்டி முன்னால் பாயக் கூடாது.

இனி கூரை. 540 வாட் பேனல் ஒன்று 2278 x 1134 மி.மீ., கனம் 28 கிலோ. இரண்டைப் பக்கத்தில் பக்கமாகப் போட்டால் அகலம் 2.27 மீட்டர், உங்கள் வேனின் கூரையில் அவ்வளவு தட்டையான அகலம் கிடைக்காது. நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 4.5 மீட்டர், காற்றுப்போக்கிக்கு இடமே இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து வோல்ட்டேஜில் இருக்கிறது. அந்தப் பேனலின் திறந்த நிலை வோல்ட்டேஜ், அதாவது எதிலும் இணைக்காதபோது காட்டுவது, சுமார் 49.5. இரண்டைத் தொடராக இணைத்தால் 99. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 100 வோல்ட் வரை தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி). பொருந்துகிறது என்றுதான் தோன்றும். ஆனால் பேனல் குளிரக் குளிர வோல்ட்டேஜ் ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.27 விழுக்காடு. பேனலில் அச்சிட்டிருப்பது 25 டிகிரிக்கான எண். ஊட்டியில் பூஜ்ஜியத்தை ஒட்டிய விடியலில் முதல் வெயில் பட்டதும் 99 என்பது 105 ஆகிவிடும். கன்ட்ரோலர் அந்த நொடியிலேயே எரியலாம், வாரண்டியும் கிடைக்காமல் போகலாம்.

உங்களுக்கு ஏற்றது 200 வாட் பேனல் மூன்று. ஒவ்வொன்றும் சுமார் 1.5 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம். வேனின் குறுக்கே வைத்தால் மூன்றும் சேர்ந்து கூரை நீளத்தில் 2.1 மீட்டரைத்தான் பிடிக்கும். மீதி இடம் காற்றுப்போக்கிக்கும் ஆள் ஏறித் துடைப்பதற்கும். தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் முழுத்திறன் கணக்கில் ஐந்து மணி நேரம் கிடைக்கும். சூடு, தூசு, வயர் எல்லாம் போக 70 விழுக்காடு என்று பிடித்தால் 600 x 5 x 0.7 = 2100 வாட்-மணி. செலவு 1400. இந்த உபரி ஆடம்பரம் அல்ல: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே பேனல் 800ஐத் தாண்டாது. வெறும் 400 வாட் போட்டவர்களுக்கு நல்ல வெயிலில் வரவும் செலவும் சரியாக இருக்கும். ஒரு நாள் மழை பெய்தால் அந்தக் குறையை அடுத்த வாரம் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

பேனலைச் சாய்த்துவைக்கும் தாங்கிகளை விற்க வருவார்கள். வாங்காதீர்கள். திருச்சியில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. படுக்கையாக வைப்பதே நம் அட்சரேகைக்குப் பொருத்தம். மார்கழியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை நல்ல பொருத்தலுக்குச் செலவிடுங்கள். அலுமினிய ரெயிலைக் கூரையின் குறுக்குச் சட்டங்களில் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். வெறும் தகட்டில் திருகினால் நெடுஞ்சாலைக் காற்று அதைப் பிடுங்கும். துளைகளுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கான் ஓராண்டு வெயிலில் விளிம்பு விட்டுவிடும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது மூன்று செ.மீ. காற்று ஓட வேண்டும். 65 டிகிரிக்குச் சூடேறிய பேனல் தன் திறனில் ஏழில் ஒரு பங்கை இழக்கிறது. கூரையோடு ஒட்டும் வளையும் பேனல் இந்தச் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் போய்விடும், அழகாக இருந்தாலும்.

மூன்று பேனலையும் இணையாக (நேர்முனைகள் ஒன்றாக, எதிர்முனைகள் ஒன்றாக) இணையுங்கள். தென்னை ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் மற்ற இரண்டும் தம் பங்கைத் தரும். இணையாக மூன்று இருப்பதால் ஒவ்வொன்றின் நேர்முனையிலும் 15 ஆம்பியர் சோலார் ஃபியூஸ் வேண்டும். ஒரு பேனலில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டும் தம் மின்னோட்டத்தை அதற்குள் கொட்டி எரிக்கப் பார்க்கும். கூரைக்கு மேல் 4 சதுர மி.மீ. சோலார் வயர், மூன்றும் சேர்ந்த பிறகு கன்ட்ரோலர் வரை 10 சதுர மி.மீ. பேனல் வயர்களை மாட்டும் எம்சி4 கனெக்டர்களில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறாக இருந்தாலும் பொருந்துவதுபோல் தெரியும். உள்ளே தொடுமிடம் சூடேறி உருகும்.

கன்ட்ரோலர் எம்பிபிடி வகை (பேனலின் உச்சத் திறனைத் தேடி எடுப்பது), 100 வோல்ட், 50 ஆம்பியர், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கான அமைப்போடு. சார்ஜ் வோல்ட்டேஜ் 14.2 முதல் 14.4 வரை, நிரம்பிய பின் தாங்கிவைக்கும் ஃப்ளோட் 13.5, ஈக்வலைஸ் என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஈய-அமில பேட்டரிக்கான அந்த உயர் வோல்ட்டேஜ் லித்தியத்துக்கு ஆகாது. இணைக்கும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரியைப் பார்த்துத்தான் அது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்கிறது.

வண்டி ஓடும்போது கிடைக்கும் மின்சாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை நிரப்புவது) ஒன்றை வண்டியைக் கிளப்பும் பேட்டரிக்கும் இந்த லித்தியம் பேட்டரிக்கும் நடுவே போட்டால், இரண்டு மணி நேரப் பயணத்தில் 800 வாட்-மணி ஏறும். அடைமழை நாள் முழுவதும் மூன்று பேனல் தருவதற்கு இது சமம். சார்ஜர் வேண்டாம், ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) ஒன்று வைத்து நேராக இணைத்துவிடலாம் என்று வண்டி எலெக்ட்ரீஷியன் சொல்வார். அந்தக் காலத்து ஈய பேட்டரிக்கு அது சரி. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரால் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) முடிந்ததை எல்லாம் உறிஞ்சும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் அது வெந்து போகும். பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் இன்னொன்று: டீசலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும் வகை பல உண்டு. அதற்கு, இக்னிஷன் போட்டால் மட்டும் வேலை செய்யும்படி தனி வயர் கொடுக்கும் சார்ஜர் வேண்டும். முன்னிருந்து பின்வரை 16 சதுர மி.மீ. கேபிள், இரண்டு முனையிலும் 60 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் நடுவில் உரசி ஷார்ட் ஆனால் இரு பக்கமிருந்தும் நெருப்புக்கு எரிபொருள் வரும். உங்கள் வண்டியின் மின்னமைப்பு 12 வோல்ட்டுதானா என்பதை வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேருந்து, லாரிகளில் 24.

இன்வெர்ட்டர் உங்களுக்கு மிக்ஸிக்கு மட்டும்தான். 1500 வாட், ப்யூர் சைன் வேவ். சதுர அலை இன்வெர்ட்டரில் மிக்ஸி மோட்டார் உறுமும், சூடேறும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒன்றும் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்காக 10 முதல் 20 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும்; 15 வாட் என்றாலும் நாளைக்கு 360 வாட்-மணி, உங்கள் ஃபிரிட்ஜின் செலவில் பாதிக்கு மேல். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், பம்ப், போன் எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே வாங்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது நீங்கள் ஆசையாகக் கேட்ட ஏசி. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் சராசரியாக 600 வாட் இழுத்தாலே 4800 வாட்-மணி. நான் சொன்ன பேட்டரி இரண்டு வாங்கினாலும் போதாது. வாங்கினாலும் மறுநாள் அதை நிரப்பக் கூரை போதாது. 540 வாட் பேனல் இரண்டாலும் நடக்காது. ஏசியை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ 16 ஆம்பியர் பிளக்கில் செருகும்போது மட்டும் ஓட்டுங்கள். மற்ற நாளில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, தகட்டுக்கு உள்ளே 25 மி.மீ. வெப்பத்தடைப் பலகை, சூட்டை மேலே இழுத்து வெளியேற்றும் 12 வோல்ட் கூரை விசிறி, எதிரெதிர்ச் சன்னல்களில் கொசுவலை. இவற்றால் ஃபிரிட்ஜின் ஓட்டமும் குறையும்.

சமையலுக்கு கேஸ்தான். இண்டக்ஷன் அடுப்பை ஓட்ட நினைத்தால் இன்வெர்ட்டர், கேபிள், பிஎம்எஸ் எல்லாமே பெரிதாக வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது வயரைப் பற்றி. பேனலிலும் பேட்டரியிலும் தாராளமாகப் பணம் போடுபவர்கள் கேபிளில் சிக்கனம் பார்க்கிறார்கள். தீ கேபிளில்தான் பிடிக்கிறது. வீட்டில் 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். 12 வோல்ட்டில் அதே 1500 வாட், இன்வெர்ட்டர் சேதாரத்தோடு 140 ஆம்பியர். வீட்டுக் கண்ணால் பார்த்தால் 10 சதுர மி.மீ. கேபிள் தடியாகத் தெரியும். மூன்று மீட்டர் தள்ளி இன்வெர்ட்டரை வைத்து, 100 ஆம்பியர் மட்டும் அதில் ஓடினால், போக வர ஆறு மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையும். குறைந்த அந்த வோல்ட் எங்கும் போகவில்லை; 100 வாட்டுக்கு மேல் சூடாக அந்தக் கேபிளிலேயே, உங்கள் கட்டில் பலகைக்கு அடியில் இறங்குகிறது. ஆகவே இன்வெர்ட்டரை பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள். வெல்டிங் கேபிள் மெல்லிய இழைகளால் ஆனது, குலுக்கலுக்கு வளைந்து கொடுக்கும், நம் ஊரில் எளிதில் கிடைக்கும். செம்புதானா என்று வெட்டிப் பார்த்து வாங்குங்கள், செம்பு முலாம் பூசிய அலுமினியமும் சந்தையில் இருக்கிறது.

முனைகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு லக் (கேபிள் நுனியில் மாட்டும் வளையம்), ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தியது. சுத்தியலால் அடித்தோ சால்டர் ஊற்றியோ செய்த முனை வேண்டாம்; சால்டர் ஏறிய இடத்தில் கேபிள் விறைத்து, குலுக்கலில் அதன் விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். லக் நேராக பேட்டரியின் முனையைத் தொட வேண்டும். வாஷரும் நட்டும் அதற்கு மேலே. வாஷரை லக்குக்குக் கீழே போட்டுவிட்டு, பேட்டரி முனை ஏன் சுடுகிறது என்று தேடுபவர்கள் உண்டு: மொத்த மின்னோட்டமும் அந்த இரும்பு வாஷர் வழியாகப் போகிறது. ராமேசுவரம் பக்கம் உப்புக்காற்றுக்கு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவாதீர்கள்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 200 ஆம்பியர் முதன்மை ஃபியூஸ். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் அதை அறுக்கும், மலிவான கண்ணாடி ஃபியூஸ்கள் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி தொடர விட்டுவிடும். அதற்குப் பதிலாக வீட்டு எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருக்கிறார்கள் என்று யாராவது காட்டினால் பின்பற்ற வேண்டாம். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் பொறி தானாக அணையும். பேட்டரி தரும் நேர்மின்சாரமான டிசியில் அந்த இடைவெளியே இல்லை. பொறி எரிந்துகொண்டே இருந்து எம்சிபியை உருக்கும். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ., 60 ஆம்பியர் ஃபியூஸ்.

சிறு சாதனங்களுக்கு பிளேட் ஃபியூஸ் பெட்டி ஒன்று போதும்: ஃபிரிட்ஜுக்கு 15, பம்புக்கு 10, போன் சார்ஜருக்கு 10, விளக்குக்கும் விசிறிக்கும் தலா 5. ஃபிரிட்ஜின் வயர் மட்டும் தனிக் கவனம் பெற வேண்டும். கம்ப்ரஸர் கிளம்பும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஆறு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் அப்போது 1.4 வோல்ட் குறையும்; பேட்டரி நிறைய இருந்தும், வோல்ட்டேஜ் குறைந்துவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் தானே அணையும். 6 சதுர மி.மீ. போடுங்கள், குறைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு வோல்ட்டாக அடங்கும். ஃபிரிட்ஜில் உள்ள பேட்டரி பாதுகாப்பு அமைப்பையும் 'குறைவு' நிலையில் வையுங்கள். 'அதிகம்' என்பது காரின் ஸ்டார்ட்டர் பேட்டரியைக் காக்க வைத்தது. மற்ற எல்லாவற்றையும் அணைக்கும் பொதுச் சுவிட்சுக்கு முன்பே ஃபிரிட்ஜுக்குக் கிளை பிரியட்டும். வண்டியை நிறுத்தி இறங்கும்போது யாரோ பழக்கத்தில் அணைத்தாலும் இன்சுலின் தப்பும்.

லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ட்மீட்டர் சொல்லாது. 80 விழுக்காட்டிலும் 40 விழுக்காட்டிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜ்தான் காட்டும். கடைசியில் திடீரென விழும். ஷன்ட் (போகும் வரும் மின்னோட்டத்தை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் வாங்குங்கள். எல்லாச் சாதனங்களின், சார்ஜர்களின் எதிர்முனையும் ஷன்ட்டின் ஒரு பக்கத்துக்கு வர வேண்டும். மறுபக்கத்திலிருந்து ஒரே ஒரு கேபிள் பேட்டரிக்குப் போக வேண்டும். சோலாரின் எதிர்முனையை மட்டும் நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டால் வரவு பதிவாகாது, செலவு மட்டும் பதிவாகும். இரண்டே நாளில் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். 30 விழுக்காட்டில் ஒலிக்கும்படி அலாரம் வையுங்கள்.

இரும்பு உடம்புக்குள் 230 வோல்ட் ஓடுவதால் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பல இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அப்போது ஆர்சிசிபி இருந்தும் வேலை செய்யாது. இன்வெர்ட்டரின் கையேட்டைப் படித்துத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் இந்த ஒரு வேலையை விடுங்கள். வெளி மின்சாரத்தை வாங்கும்போது அதுவும் இன்வெர்ட்டரும் எக்காலத்திலும் சந்திக்காதபடி, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரட்டைத் துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். அதே வெளி மின்சாரத்தில் ஓட 30 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும். விடுதிக்காரரும் முகம் சுளிக்கமாட்டார், ஒரே ராத்திரியில் பேட்டரி நிரம்பும்.

வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டதைப் பதிவு செய்யாமல் விட்டால் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் ஊருக்குக் கிளம்பாதீர்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இரண்டு நாள் உள்ளேயே வாழ்ந்து பாருங்கள். பேட்டரியை முழுதாக நிரப்பி, மாலை ஆறுக்கும் காலை எட்டுக்கும் மீட்டரில் உள்ள விழுக்காட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரியில் 30, 35 விழுக்காடு இறங்கினால் கணக்கு சரி. 40க்கு மேல் இறங்கினால் இன்வெர்ட்டர் அணையாமல் ஓடியிருக்கலாம், அல்லது ஃபிரிட்ஜின் பின்பக்கம் காற்றுப்போக இடமில்லாமல் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியிருக்கலாம். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிய உடனே ஒவ்வொரு லக்கின் மேலுள்ள உறையையும் ஃபியூஸையும் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த முனையைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்குங்கள். குலுக்கலில் முதல் தளர்வு அப்போதுதான் வரும். கதவுக்குப் பக்கத்தில் 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று.

அந்த இரண்டு நாளும் ஃபிரிட்ஜுக்குள் குறைந்த, அதிக வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் சிறு தெர்மாமீட்டர் இருக்கட்டும். இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. இந்த வகை ஃபிரிட்ஜில் சுவரை ஒட்டிய இடம் பூஜ்ஜியத்துக்குக் கீழே எளிதில் போகும். ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படாது. மருந்தை மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில், துணி சுற்றி, நடுவில் வையுங்கள். பிரித்துப் பயன்படுத்தும் பேனாவோ குப்பியோ பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியில் தாங்கும். அம்மா போடும் மருந்துக்கு எத்தனை நாள் என்று அதன் உறையில் அச்சிட்டிருக்கும், மருத்துவரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் கோடையில் மூடிய வேனுக்குள் 30 டிகிரி என்பது காலை ஒன்பது மணிக்கே தாண்டிவிடும். அதனால் ஐஸ் பேக் போடும் சிறு மருந்துப் பெட்டி ஒன்றையும் கூடவே வைத்திருங்கள். ஐஸ் பேக்கை மருந்தின் மேல் நேராகப் படவிடாமல் நடுவே துணி மடித்து வையுங்கள். அலாரம் ஒலித்து, வானமும் மூடியிருந்து, வண்டியையும் கிளப்ப முடியாத நிலை வந்தால், மருந்தை முதலில் அந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடுங்கள்.